நடிக்கத் தெரிந்தவளுக்கு நடத்தத் தெரியாதா?

"படிக்கிற புள்ளைக்குச் சினிமாப் பேச்சு எதுக்கு அம்மணி?"

இது எங்கள் அப்பத்தா கேட்கும் கேள்வி. கேள்வி என்றுதான் பெயர். உண்மையில் அது தீர்ப்பு. அவர் அப்படிச் சொல்லிவிட்ட பிறகு எங்கள் வீட்டில் மேல்முறையீடு கிடையாது. ஆயினும் பெற்றோரும் அருட்சகோதரிகளும் ஆசிரியப் பெருமக்களும் என் அன்புத் தோழியரும் படிக்கப்போகும் இந்த ஆண்டு மலரின் வாயிலாக, அந்தத் தீர்ப்பின்மேல் ஒரு சிறு மேல்முறையீடு செய்துகொள்ள விரும்புகிறேன்.

நான் எழுதப்போவது எந்த நடிகையின் புடவையைப் பற்றியும் அன்று. நகையைப் பற்றியும் அன்று. நம் நாடு விடுதலை பெறுவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, ஏறத்தாழ 25 வயதில், ஒரு தமிழ்ப் படத்திற்குக் கதை எழுதி, அதைத் தயாரித்து, இயக்கி, அதிலே நடித்தும் காட்டிய ஒரு பெண்மணியைப் பற்றி. அவர் பெயர் டி. பி. ராஜலட்சுமி.

இந்தப் பெயரை எழுதுவதற்கு முன் என் வகுப்புத் தோழியரிடம் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தேன். "முதல் தமிழ்ப் பேசும் படம் எது?" என்றேன். பொது அறிவுப் போட்டிக்குப் படித்தவர்கள் "காளிதாஸ், 1931" என்று சட்டெனச் சொல்லிவிட்டார்கள். "அதன் கதாநாயகி யார்?" என்றேன். இருவர் மட்டும் சொன்னார்கள். "தமிழில் படம் இயக்கிய முதல் பெண் யார்?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை ஒரே பெயர்தான் என்று சொன்னபோது எல்லோருக்கும் வியப்பு. நடித்த ராஜலட்சுமியைச் சிலருக்காவது தெரிகிறது. நடத்திய ராஜலட்சுமியை யாருக்கும் தெரியவில்லை. இது ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

எனக்கு இந்த எண்ணம் எழக் காரணமான நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மேடை நாடகத்தில் நான் நடித்தேன். பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் வீட்டுக் கதை. மகளின் படிப்பை நிறுத்திவிட்டு அவளைத் தறியில் உட்கார வைக்கிறார் தந்தை. அந்த மகள்தான் நான். நாடகத்தைப் பழக்குவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். மூன்றாம் காட்சியில் தந்தை என் புத்தகப் பையைத் தூக்கிப் பரண்மேல் எறிவார். நான் தரையில் அமர்ந்து தேம்பித் தேம்பி அழ வேண்டும். அவ்வளவே என் பங்கு. பிறகு பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து நீண்ட நேரம் நியாயம் பேசுவார். தந்தை மனம் திருந்துவார். திரை விழும்.

ஒத்திகையின்போது நான் மெல்லக் கேட்டேன்: "அண்ணா, பையை இழந்தவள் இந்தப் பெண். அவள் ஒரு வார்த்தையாவது பேச வேண்டாமா?"

அவர் கோபிக்கவில்லை, சிரித்தார். "உனக்குக் குடுத்ததை நீ நடி பாப்பா. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றார்.

நானும் நடித்தேன். நன்றாகவே அழுதேன் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அம்மா முன் வரிசையில் அமர்ந்து என்னைவிட அதிகமாக அழுதார். அழுததற்குப் பரிசாக ஓர் எவர்சில்வர் டம்ளரும் கிடைத்தது. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பெண் என்ன சொல்லியிருப்பாள் என்ற நினைவு என்னை விட்டுப் போகவில்லை. மறுநாள் எங்கள் வகுப்பு சிஸ்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "மனத்தில் இருப்பதை எழுதிக் கொடு. எழுதுவதற்கு முன் நூலகத்துக்குப் போய்க் கொஞ்சம் படி" என்றார். அங்கே தமிழ்த் திரைப்பட வரலாற்று நூல் ஒன்றில்தான் டி. பி. ராஜலட்சுமியைச் சந்தித்தேன்.

ராஜலட்சுமி 1911-ஆம் ஆண்டு தஞ்சையை அடுத்த திருவையாற்றில் பிறந்தவர். தந்தை பஞ்சாபகேச சாஸ்திரி. ஆசாரமான குடும்பம். பொம்மை வைத்து விளையாடும் வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. வரதட்சணைப் பிணக்கால் அந்த மணம் முறிந்தது. தந்தையும் மறைந்தார். தாயும் மகளும் திருச்சிக்கு வந்தார்கள். கையில் பொருள் இல்லை, பட்டம் இல்லை, துணைக்கு ஆளும் இல்லை. சிறுமியிடம் இருந்தது நல்ல குரல் ஒன்றே.

அந்தக் குரலை நம்பி அவர் நாடகக் குழுவில் சேர்ந்தார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் அது. மேடை ஏறும் பெண்ணை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நான் எழுதித் தெரிய வேண்டியதில்லை. அடுப்பில் உலை ஏற வேண்டுமே என்பதற்காக அவர் அந்தச் சொற்களையெல்லாம் தாங்கினார். நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. மெல்ல மெல்லப் பெயர் பெற்றார். பேசாப் படங்கள் சிலவற்றிலும் நடித்தார்.

பின்னர் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று 'காளிதாஸ்' வெளியாயிற்று. எச். எம். ரெட்டி இயக்க, பம்பாயில் எடுக்கப்பட்ட படம். அதில் நாயகி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பேசுவார்! இன்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் திரையில் ஒரு பெண் வாய் திறந்து தமிழ் பேசுகிறாள் என்பதே அன்று அதிசயம். படப்பெட்டி சென்னை ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதும் அதற்குப் பூ தூவி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி ஊர்வலமாகக் கொட்டகைக்கு எடுத்துச் சென்றார்களாம். ரசிகர்கள் அவருக்குச் 'சினிமா ராணி' என்று பட்டம் சூட்டினார்கள்.

இந்த இடத்தில் நம் கோவைக்கு ஒரு பெருமை உண்டு. உக்கடம் போகும்போதும் டவுன்ஹால் போகும்போதும் 'வெரைட்டி ஹால் ரோடு' என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குக் காரணம் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கோவைக்காரர். திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் வரையும் பணியில் இருந்தவர் அவர். 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் காட்டிய முதற்படங்களில் ஒன்று இயேசுநாதரின் வாழ்க்கையைக் கூறுவது. 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் கொட்டகையைக் கட்டினார். பின்னாளில் அதற்கு டிலைட் என்று பெயர் மாறிற்று. சாலையின் பெயர் மாறவில்லை.

அந்த வின்சென்ட் அவர்கள் 1933-இல் கல்கத்தாவில் 'வள்ளி திருமணம்' என்ற படத்தை எடுத்தார். வள்ளியாக நடித்தவர் வேறு யாருமல்லர், ராஜலட்சுமிதான். படம் பெரும் வெற்றி பெற்றது. அதில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரம் அவர்களையே ராஜலட்சுமி பின்னர் மணந்தார். ஆகவே தோழியரே, முதல் பெண் இயக்குநரின் கதையில் நம் ஊர்க்காரர் கட்டிய ஒரு படியும் இருக்கிறது என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

இதுவரை நான் சொன்னது ஒரு நடிகையின் வெற்றிக் கதை. பணமும் புகழும் சேர்ந்தாயிற்று. அவர் அங்கேயே நின்றிருக்கலாம். பிறர் எழுதிய வசனத்தைப் பேசி, பிறர் சொன்ன இடத்தில் நின்று, பிறர் அழச் சொன்னால் அழுது காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் நிற்கவில்லை.

'கமலவல்லி' என்று அவரே எழுதிய நாவல் ஒன்று இருந்தது. ஒருவனை விரும்பிய பெண்ணைப் பெரியோர் வற்புறுத்தி வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்தால் அவள் வாழ்வு என்னாகும் என்பதே அதன் பொருள். அந்த நாவலை 1936-இல் 'மிஸ் கமலா' என்ற படமாக எடுத்தார். தம் பெயரால் 'ஸ்ரீ ராஜம் டாக்கீஸ்' என்ற நிறுவனத்தை நிறுவினார். கதை அவருடையது, தயாரிப்பு அவருடையது, இயக்கம் அவருடையது, நடிப்பும் அவருடையது. அந்த ஆண்டில் அவருக்குப் பிறந்த பெண் குழந்தைக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.

அன்றைய நிலையை எண்ணிப் பாருங்கள். திரைக்கு வந்தவை பெரும்பாலும் புராணக் கதைகள். பின்னணிப் பாட்டு என்ற வழக்கம் வேரூன்றாத காலம். நடிப்பவரே பாட வேண்டும். பேச்சும் பாட்டும் நடிப்பும் ஒரே வேளையில் பதிவாகும். ஓரிடத்தில் ஒருவர் இருமிவிட்டால் காட்சி முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டும். விளக்குக்காரர், ஒலிப்பதிவாளர், கேமராக்காரர் என்று சூழ்ந்து நின்றவர் யாவரும் ஆண்கள். அவர்கள் நடுவே ஓர் இளம்பெண் நின்று "இல்லை, இன்னொரு முறை எடுங்கள்" என்று சொல்கிறார்! இந்தியாவில் அவருக்கு முன்பு படம் இயக்கிய பெண் என்று பேசப்படுபவர் பம்பாயில் ஃபாத்மா பேகம். அவர் 1926-இல் இயக்கியது பேசாப் படம். அவரும் நடிகையாக இருந்தவரே. தென்னாட்டில் ராஜலட்சுமிக்கு முன் எவரும் இல்லை.

அவர் ஏன் இயக்குநராக விரும்பினார் என்பதை அவருடைய வாழ்வே சொல்கிறது என்பது என் கருத்து. விளையாட்டு வயதில் அவருக்கு மணம் முடித்தபோது யாரும் அவரைக் கேட்கவில்லை. மணத்தை முறித்தபோதும் கேட்கவில்லை. கேட்கப்படாத பெண்ணின் கதையைப் பிறர் சொன்னால், பரண்மேல் பை போன பின் அழுகிற பெண்ணாகத்தான் அவள் இருப்பாள். அவளே சொன்னால்தான் அவளுக்கு வாய் இருக்கும். கொல்லப்பட இருந்த ஒரு பெண் சிசுவை மீட்டுத் தம் பிள்ளையாக வளர்த்தவர் ராஜலட்சுமி என்றும் படித்தேன். அத்தகையவர் கையில் கேமரா இருந்தால் அது வேறு எதைத்தான் பார்க்கும்?

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். மறுப்புகள் வீட்டிலேயே எனக்குத் தாராளமாகக் கிடைத்தன.

முதல் மறுப்பு: "நடிப்பது வேறு, இயக்குவது வேறு. கேமராவும் லென்சும் பெண்ணுக்கு என்ன தெரியும்?" இதற்கு எங்கள் அப்பாவையே சாட்சிக்கு அழைக்கிறேன். அவர் பீளமேட்டுப் பக்கம் பம்ப்செட் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டும் வேலையில் சேர்ந்தவர். இன்று அதே பட்டறையில் ஃபோர்மேன். "வெளியிலிருந்து வந்தவனுக்கு அளவு தெரியும், லேத்தில் நின்னவனுக்குத்தான் எங்க பிசகும்னு தெரியும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அப்பா, லேத்தில் நின்றவருக்குப் பட்டறை நடத்தத் தெரியும் என்றால், நடிக்கத் தெரிந்தவளுக்குப் படம் நடத்தத் தெரியாதா?

தெரியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. பி. பானுமதி 1953-இல் 'சண்டிராணி' என்ற படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளில் இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். மறு ஆண்டே நம் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்' படத்தில் எம்.ஜி.ஆருடன் நாயகியாக நடித்தார். இயக்குநர் ஆகிவிட்டோமே, இனி இன்னொருவர் இயக்கத்தில் நடிப்பதா என்று அவர் எண்ணவில்லை. இரண்டும் தொழில், இரண்டும் பெருமை என்று இருந்தார். சுகாசினி சென்னை அடையாறு திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் நின்று வேலை பழகிய பிறகே நடிக்க வந்தவர். அவர் 1995-இல் 'இந்திரா' படத்தை இயக்கினார். ரேவதி 2002-இல் 'மித்ர் மை ஃப்ரண்ட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பெண் கலைஞர்களையே பெரும்பாலும் துணையாகக் கொண்டு எடுத்து, சிறந்த ஆங்கிலப் படத்திற்கான தேசிய விருதைப் பெற்றார். லென்சு யாருக்குப் புரியும் என்பது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்ததன்று. படித்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது.

இரண்டாம் மறுப்பு கனமானது. இதைச் சொன்னவரும் அப்பாதான். "அம்மணி, நடிச்சுச் சம்பாரிச்சதையெல்லாம் சொந்தப் படம் எடுத்தே விட்டவங்க எத்தனை பேரு? சாவித்திரி அம்மா கதை உனக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியும். 'நடிகையர் திலகம்' சாவித்திரி 1968-இல் தெலுங்கில் 'சின்னாரி பாப்பலு' என்ற படத்தை இயக்கினார். 1969-இல் தமிழில் 'குழந்தை உள்ளம்' எடுத்தார். 1971-இல் 'பிராப்தம்' எடுத்தார். சொந்தப் படங்களில் பொருளை இழந்து, நோயுற்று, 1981-இல் மறைந்தார். ராஜலட்சுமிக்கும் இழப்பு வந்தது. நாட்டுப்பற்றை ஊட்டும் 'இந்தியத் தாய்' என்ற படத்தை எடுத்து, ஆங்கில அரசின் தணிக்கைக்கு ஆளாகிப் பெரும்பணத்தை இழந்தார். இவற்றை மறைத்துவிட்டுக் கட்டுரை எழுதினால் அது நேர்மையாகாது.

ஆனால் அப்பாவிடம் நான் ஒன்று கேட்டேன். "சொந்தப் பட்டறை வைத்துக் கடனில் மூழ்கினவர்கள் நம் ஊரில் இல்லையா? அதைப் பார்த்து, ஆண்கள் தொழில் தொடங்கவே கூடாது என்று யாராவது சொன்னார்களா?" ஓர் ஆண் தோற்றால் அவருக்கு நேரம் சரியில்லை என்கிறோம்; அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தேறுதலும் கூறுகிறோம். ஒரு பெண் தோற்றால் பெண்ணுக்கு இது எதற்கு என்கிறோம். ஒருத்தியின் தோல்வியை எல்லாப் பெண்களின் கணக்கிலும் எழுதிவிடுகிறோம். இந்தக் கணக்கு சரியா? எங்கள் கணக்கு டீச்சர் இதற்கு மதிப்பெண் போடுவாரா?

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "கடன் வாங்கிப் படம் எடுக்கக் கூடாது, அதை மட்டும் எழுதிக்கோ" என்றார். எழுதிவிட்டேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நடிப்பைக் கற்றதுபோல் வரவு செலவையும் கற்றாக வேண்டும். ஆனால் அது கற்க வேண்டிய பாடம். விலக்க வேண்டிய காரணம் அன்று.

மூன்றாம் மறுப்பு அப்பத்தாவுடையது: "சினிமா கெட்டது." அதில் கெட்டது இல்லை என்று நான் வாதாடப்போவதில்லை. பெண்ணை இழிவாகக் காட்டும் காட்சிகளைக் கண்டு என் அம்மா தொலைக்காட்சியை அணைப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் காட்சியை அப்படி அமைத்தது யார்? அதில் ஆடிய பெண்ணை ஊரே ஏசுகிறது. அவளை அப்படி ஆடச் சொன்னவரின் பெயர் கூட நமக்குத் தெரிவதில்லை. திரையில் தெரியும் முகத்திற்கு எல்லாப் பழியும், முடிவு எடுத்தவருக்கு எல்லா வசதியும் என்றால் அது நீதியா? முகம் காட்டுகிறவளும் முடிவு எடுக்கும் இடத்தில் சற்று நின்றால், அணைக்க வேண்டிய காட்சிகள் சில குறையும் என்றே நம்புகிறேன். சினிமா கெட்டது என்றால் நல்ல பெண்கள் அதை விட்டு ஓடுவதால் அது திருந்திவிடுமா?

இங்கே ஒன்றை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதைப் படிக்கும் பெற்றோர் அஞ்ச வேண்டாம். பத்தாம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோடம்பாக்கத்துக்குப் புறப்பட வேண்டும் என்பதல்ல என் கருத்து. எங்களில் டாக்டராகப் போகிறவர்கள் உண்டு, ஆசிரியையாகப் போகிறவர்கள் உண்டு, கன்னியராகப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் இரண்டு வகை இடங்கள் இருக்கின்றன. ஒன்று, சொன்னதைச் செய்யும் இடம். மற்றொன்று, என்ன செய்வது என்று முடிவு செய்யும் இடம். பெண்கள் முதல் இடத்தில் நன்றாகச் செய்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள். இரண்டாம் இடத்தை நோக்கி ஓரடி வைத்தால் கைதட்டல் நின்றுவிடுகிறது. முதல் நாயகியாக ராஜலட்சுமியை வரலாறு நினைவில் வைத்து, முதல் இயக்குநராக மறந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

மறந்ததன் விளைவு என்ன தெரியுமா? 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. 'மிஸ் கமலா'வும் பார்ப்பதற்குக் கிடைக்கவில்லை. ஒரு பெண் தன் வாயால் சொன்ன முதல் தமிழ்ப் படக்கதையை நாம் யாரும் பார்க்க முடியாது. 1964-இல் அவர் மறைந்தார். மிஞ்சியிருப்பவை சில புகைப்படங்களும் சில பக்கங்களுமே. நம் ஊரில் மட்டும் என்ன? சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் புலியகுளத்தில் பட்சிராஜா ஸ்டூடியோவும் இருந்தன என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த வழியாகத் தினமும் பள்ளிக்கு வரும் என் தோழிக்கே நான் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே நான் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் பள்ளியில் பேச்சுப் போட்டி உண்டு, பாட்டுப் போட்டி உண்டு, நடனமும் நாடகமும் உண்டு. எல்லாவற்றிலும் எங்களை மேடை ஏற்றிய அருட்சகோதரிகளுக்கு நன்றி. இனி வரும் ஆண்டு விழாக்களில் ஒரே ஒரு நாடகத்தை மட்டும் மாணவியரே எழுதி, மாணவியரே இயக்க அனுமதிக்க வேண்டும். விளக்கை எப்போது அணைப்பது, யார் எங்கே நிற்பது, யார் பேசுவது, யார் அழுவது என்பதையெல்லாம் நாங்களே முடிவு செய்து பார்க்கிறோம். அது சொதப்பலாகவும் முடியலாம். திரை பாதியில் சிக்கிக்கொள்ளலாம். இருக்கட்டும். நாங்கள் தவறிப் பழகுவதற்குப் பள்ளியைவிட நல்ல இடம் எது?

இதை எனக்காகக் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு நான் இங்கே இருப்பேனா என்பது அரசுத் தேர்வு முடிவைப் பொறுத்தது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் இருக்கும் தங்கைகளுக்காகக் கேட்கிறேன்.

அந்தத் தறிக்காரர் மகள் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன் என்றேன் அல்லவா? பல நாள் கழித்துக் கிடைத்தது. அவள் அழமாட்டாள். பரண்மேல் ஏறிப் பையை எடுக்கவும் மாட்டாள். தந்தையைப் பார்த்து, "அப்பா, பையை எறிவதற்கு முன்னால் ஒரு தடவை திறந்து என் நோட்டைப் பாருங்கள்" என்பாள். அவ்வளவுதான். அதன் பிறகு வாத்தியார் வந்து நியாயம் பேசத் தேவையே இராது. எனக்கு இயக்கக் கிடைத்திருந்தால் அந்த இடத்தில் விளக்கை அணைத்திருப்பேன்.

கட்டுரையை எழுதி முடித்ததும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கடைசிவரை கேட்டார்.

"அந்தம்மா எடுத்த படம் இப்ப எந்தக் கொட்டாயில ஓடுது?" என்றார்.

"எங்கயும் ஓடலீங் அப்பத்தா. பிரதியே கெடைக்கலையாம்."

அவர் கை நின்றது. "அடப் பாவமே! பொம்பள பாடுபட்டு எடுத்ததை அப்படியே வுட்டுட்டாங்களா?" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு முறத்தை ஒருமுறை தட்டிவிட்டுச் சொன்னார்:

"சரி, நீ எழுதுனதைக் குடுத்துரு. அதாவது இருக்கட்டும். ஆனா நாளைக்குக் கணக்குப் பரிச்சையாமா? மொதல்ல அதைப் படி அம்மணி."

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. கணக்குப் புத்தகத்தை எடுக்கப் போகிறேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி